மிக்ஸிக்கு அடியில் இருப்பது வேறு, பாத்ரூமில் பறப்பது வேறு

கேள்வி: திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகும் தூரத்தில், மூன்றாவது மாடி அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். கட்டி பதினைந்து வருஷம் ஆகிறது. மூன்று வருஷமாகப் பூச்சி மருந்துக் கம்பெனி ஒன்றோடு வருஷ ஒப்பந்தம். நான்கு மாதத்துக்கு ஒரு தடவை வந்து வீடு முழுக்க அடித்துவிட்டுப் போவார்கள். பத்து நாள் ஒன்றும் கண்ணில் படாது. அப்புறம் மிக்ஸி, அடுப்புப் பக்கம் குட்டிக் கரப்பான்கள் முன்பைவிட அதிகமாக ஓடும். பாத்ரூமில் ராத்திரி பெரிய கரப்பான் பறந்து மேலேயே வந்து விழுகிறது. போன மாதத்திலிருந்து படுக்கையறைக் கதவு நிலையில் மண்கோடு தெரிகிறது. ஐந்து வயது மகளுக்கு வீசிங் உண்டு. "இன்னும் ஸ்ட்ராங்கா அடிக்கச் சொல்லு, எலிக்கும் சேர்த்து எதையாவது வைக்கச் சொல்லு" என்கிறார் கணவர். மாமியார் வேப்பிலைப் புகை போடச் சொல்கிறார். பல்லி வேறு நிறைய. எதிலிருந்து ஆரம்பிப்பது?
ஒரு வாசகி, சென்னை-41

வணக்கம்மா.

உங்கள் கடிதத்தில் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது "பத்து நாள்" என்ற அந்த ஒரு விவரம்தான். இந்தப் பூச்சி மருந்துத் தொழிலுக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. ஸ்ப்ரே அடித்து, பத்துப் பதினைந்து நாள் அமைதியாக இருந்து, பிறகு முன்பைவிட மோசமானது என்று யார் சொன்னாலும், அந்தச் சமையலறையில் இருப்பது எந்தக் கரப்பான் என்று பார்க்காமலேயே சொல்லிவிடலாம். உங்கள் வீட்டில் மூன்று பிரச்சினை இருக்கிறது. அந்த மூன்றுக்கும் ஒரே தொட்டியிலிருந்து ஒரே மருந்தை அடித்திருக்கிறார்கள். மருந்தில் வீரியம் போதவில்லை என்பதல்ல விஷயம். அதனால் கணவரின் யோசனையை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள்.

முதலில் மிக்ஸி. அங்கே ஓடுவதைக் குட்டிக் கரப்பான் என்கிறீர்கள். அவற்றில் பல குட்டியே இல்லை, வளர்ந்தவை. அந்த ஜாதியே அவ்வளவுதான் வளரும், ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர்தான். வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு. ஜெர்மன் கரப்பான் என்று பெயர். பாத்ரூமில் பறப்பது அமெரிக்கன் கரப்பான். அது செம்பழுப்பாக, கட்டைவிரலில் பாதி நீளத்துக்கு மேலேயே இருக்கும். பெயரைப் பார்த்து வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம், இரண்டும் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருப்பவைதான். சின்னது வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே சாகும். பெரியது சாக்கடையில் குடியிருந்துகொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளி. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது.

போன வருஷம் பெசன்ட் நகரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பளிச்சென்று துடைத்த சமையலறை. அந்த அம்மா ராத்திரி ஒரு பாத்திரம்கூட சிங்க்கில் விடமாட்டாராம். எனக்கும் முதலில் ஒன்றும் தென்படவில்லை. பிறகு மிக்ஸியை ஒரு பேப்பர் விரித்துத் தலைகீழாகக் கவிழ்த்து, அடித்தட்டின் திருகாணிகளைக் கழற்றினேன். தட்டைத் தூக்கியதும் முதலில் வந்தது நாற்றம். பழைய எண்ணெய்ச் சிக்குபோல ஒரு வாடை. மோட்டாரைச் சுற்றிக் காபித்தூள் சிந்தினாற்போல எச்சம். செம்புக் கம்பிச் சுருளின் இடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்துகிடந்தன. அதில் ஒரு பெண் கரப்பான் வால் பக்கத்தில் கோதுமை மணி அளவுக்கு ஒரு பெட்டியை ஒட்டவைத்துக்கொண்டு நின்றது. அதுதான் முட்டைப் பை. உள்ளே முப்பது, நாற்பது முட்டை இருக்கும். குஞ்சு பொரிக்கப் போகிற நாள்வரை அதை உடம்போடு சுமந்துகொண்டுதான் திரியும்.

உங்கள் பத்து நாள் கணக்குக்கு விடை அந்தப் பெட்டியில் இருக்கிறது. ஸ்ப்ரே அடிக்கும்போது வெளியே இருந்தவை சாகும். மோட்டாருக்குள், ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் பின்னால், அலமாரிக் கீல் இடுக்கில் இருப்பவற்றின்மேல் ஒரு துளிகூடப் படாது. பட்டாலும் முட்டைப் பைக்குள் மருந்து சரியாக இறங்காது. நாம் அடிக்கும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை. அதற்குக் கொல்லும் குணத்தோடு விரட்டும் குணமும் உண்டு. உயிர் தப்பியவை ஸ்விட்ச் பெட்டி, சுவர்க் கடிகாரம், ஹால் டி.வி. அடிப்பகுதி என்று இடம் மாறிவிடும். சமையலறையில் மட்டும் இருந்தது இரண்டு அறைக்குப் பரவும். டைல்ஸ்மேல் அடித்த மருந்து நாலு நாள் துடைப்பில் போய்விடும். பொரித்த குஞ்சுகள் சுத்தமான தரையில் இறங்கி ஓடும். போதாததற்கு, வருஷக்கணக்கில் ஒரே மருந்தைப் பார்த்துப் பார்த்து இந்த ஜாதிக்குப் பழகியும் போய்விட்டது. நான்கு மாதத்துக்கு ஒரு தடவை நடப்பது மருந்தடிப்பு இல்லை அம்மா, ஊரைக் கலைத்துவிடுவது.

இதற்கு ஜெல்தான். ஊசிக்குழல் போன்ற ஒன்றில் வரும், ஜாம் மாதிரி இருக்கும். ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் அல்லது இமிடாக்ளோபிரிட் 2.15 சதவீதம் கலந்த ஜெல்கள் நம் ஊரில் கிடைக்கின்றன. தீனி என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு இடுக்குக்குத் திரும்பிப்போய்ச் சாகும். செத்ததையும் அதன் எச்சத்தையும் மற்றவை தின்னும், அவையும் சாகும். நாம் கையை நுழைக்க முடியாத இடத்துக்கு மருந்தைக் கொண்டுபோகும் வேலையை அதுவே செய்துவிடுகிறது. வைக்கும்போது கஞ்சத்தனம் வேண்டும். பாதி உளுந்து அளவுக்குப் பொட்டு, ஆனால் நிறைய இடத்தில். உங்கள் சமையலறை அளவுக்கு முப்பது, நாற்பது பொட்டு வேண்டியிருக்கும். கீல் பக்கம், டிராயர் ஓடும் தண்டவாளத்துக்கு மேல், சிங்க் அடியில் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், ஃப்ரிட்ஜ் பின்பக்கம், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்குப் பின்னால். மகள் கை எட்டும் இடத்தில் ஒரு பொட்டுகூட வேண்டாம்.

எங்கே வைப்பது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு, விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, செல்போன் டார்ச்மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு மெதுவாக உள்ளே போங்கள். சிவப்பு வெளிச்சம் கரப்பான் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஓடாது. எந்த இடுக்கிலிருந்து வந்து எந்த இடுக்குக்குள் போகின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் சௌகரியம் வேண்டுமென்றால் ஐந்தாறு ஒட்டு அட்டைகளை வாங்கிச் சமையலறையில் மூன்று ராத்திரி வையுங்கள். எதில் குஞ்சுகள் அதிகமோ அதற்குப் பக்கத்தில்தான் கூடு.

ஜெல் வைத்த பிறகு அதன் பக்கத்தில் ஸ்ப்ரே, ஃபினாயில், சாக்பீஸ் கோடு எதுவும் கூடாது. வாசனை மாறினால் வாய் வைக்காது. இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். அடையாறில் ஒரு வீட்டில் காலையில் பொறுமையாக ஜெல் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் என் பையன் பாத்ரூமுக்கு அடிக்கப் போனவன், நல்ல எண்ணத்தில் சமையலறைக்கும் சேர்த்து அடித்துவிட்டு வந்தான். மூன்று வாரம் ஒரு கரப்பான்கூடச் சாகவில்லை. காசு வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன்.

முதல் வாரம் பகலிலேயே கரப்பான்கள் தள்ளாடிக்கொண்டு வெளியே வரும். "அதிகமாயிடுச்சு" என்று பதறி ஸ்ப்ரே டப்பாவைத் தூக்காதீர்கள். அது மருந்து வேலை செய்கிற அறிகுறி. இருபது நாள் கழித்து இன்னொரு சுற்று கண்டிப்பாக வைக்க வேண்டும், முதல் சுற்றின்போது முட்டைக்குள் இருந்தவை அதற்குள் பொரித்திருக்கும். முழுக்கக் காலியாக ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். ஒரே நாளில் ஒழிப்பேன் என்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இன்னொன்று, சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் அவற்றுக்கு உயிர். தண்ணீர் இருந்தால் சாப்பாடில்லாமல் ஒரு மாதம் தாங்கும். தண்ணீரே இல்லையென்றால் இரண்டு வாரம் தாங்குவது கஷ்டம். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சிங்க்கை ராத்திரி ஒரு துணியால் துடைத்துவிடலாம், அந்த ஈரத்துணியைச் சிங்க்கிலேயே விடாமல் பால்கனியில் காயப்போடலாம், ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றலாம். ஃப்ரிட்ஜ் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு ஒன்று இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வாரம் ஒரு தடவை கொட்டுங்கள். பகலில் கடிக்கும் டெங்குக் கொசுவும் முட்டையிடும் இடம் அது. மளிகை வரும் அட்டைப்பெட்டிகளை வீட்டில் சேர்க்காதீர்கள். புதுக் கரப்பான் குடும்பம் பெரும்பாலும் அதில்தான் குடிவருகிறது.

சரி, பாத்ரூமுக்கு வருவோம். தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குக் கீழே பிளம்பர்கள் நானி டிராப் என்று சொல்லும் கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் உங்களுக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருக்கும் கதவு. புழங்காத பாத்ரூமில் அது வற்றிவிடும், கதவு திறந்துகொள்ளும். விருந்தினர் அறை பாத்ரூம் இருந்தால் நாலு நாளுக்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அடுத்து வாஷ்பேசின் அடியிலும் சிங்க் அடியிலும் வளைந்து வரும் பிளாஸ்டிக் குழாயைப் பாருங்கள். அது சுவரிலோ தரையிலோ நுழையும் இடத்தில் குழாய் ஒல்லியாகவும் ஓட்டை பெரியதாகவும் இருக்கும். சென்னை அபார்ட்மென்ட்டுகளில் பத்துக்கு எட்டில் இந்த இடைவெளியை அடைக்காமலேயே விட்டிருக்கிறார்கள். என் மனசில் பட்ட கணக்குதான், சர்வே எடுக்கவில்லை. வெள்ளை சிமென்ட்டோ ரப்பர் வளையமோ வைத்து அடைத்துவிட்டாலே பாதி வரத்து நின்றுவிடும்.

மீதிப் பாதி கீழே சேம்பரில், அதாவது தரைத்தளத்துச் சாக்கடைத் தொட்டியில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேம்பர் நிரம்பியதும் அங்கே இருப்பவை எல்லாம் குழாய் வழியாக மேலே ஏறும். மழைக்கு முந்தின புழுக்க ராத்திரிகளில் பறப்பதும் அதுதான். அசோசியேஷனில் பேசி, புரட்டாசிக்குள் சேம்பர்களின் உள்சுவருக்கு மருந்து அடித்து, உடைந்த மூடிகளை மாற்றச் சொல்லுங்கள். ஸ்ப்ரேக்கு நியாயமான இடம் அதுதான், உங்கள் சமையலறை இல்லை. ஜாலிமேல் பாச்சை உருண்டை போட்டிருப்பீர்கள், எல்லா வீட்டிலும் போடுகிறார்கள். பெயரிலேயே பாச்சை இருப்பதால் கரப்பானுக்குப் பயன்படும் என்று நம்பிக்கை. திறந்த இடத்தில் அதற்கு மணம்தான் மிச்சம். மகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு, எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, கதவு நிலை. மூன்றாவது மாடிக்குச் செல், அதாவது கரையான், எப்படி வந்தது என்று நீங்கள் ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். மண்கோடு இருக்கிறது என்றால் அது மண்ணிலிருந்து வருகிற ஜாதி. குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட் வழியாக, இருட்டிலும் ஈரத்திலும், சொந்தமாகச் சுரங்கம் கட்டிக்கொண்டு மேலே வந்திருக்கிறது. நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்தக் கதவு நிலை பாத்ரூம் சுவரை ஒட்டி இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே ஒரு கசிவும் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் நிலையைக் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். தின்ற இடம் பொத்துப் பொத்தென்று ஒலிக்கும், பெயின்ட் மட்டும் காகிதம்போல நிற்கும். மண்கோட்டில் ஓர் அங்குலத்தை மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. முழுக் கோட்டையும் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். பாதை தெரியாமல் போய்விடும், அது இன்னோர் இடத்தில் கிளம்பும்.

இதற்கு ஊசி மருந்து. கட்டி முடித்த வீடுகளுக்குச் செல் மருந்து வைக்கும் முறைக்கு ஐ.எஸ். 6313 மூன்றாம் பகுதி என்று இந்தியத் தரநிலையே இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் ஓட்டை, 300 மில்லிமீட்டருக்கு ஒன்று. நிலைச்சட்டத்தில் அதைவிடச் சின்ன ஓட்டைகள். மருந்தை அதற்குள் செலுத்தி, வெள்ளை சிமென்ட்டால் அடைத்துவிடுவார்கள். குளோர்பைரிஃபாஸ், இமிடாக்ளோபிரிட் இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. முதலாவதற்கு மூக்கைத் துளைக்கும் வாடை. வீசிங் குழந்தை இருக்கும் வீட்டில் இமிடாக்ளோபிரிட் கேளுங்கள், தண்ணீரில் கலப்பது, கிட்டத்தட்ட வாடையே இருக்காது. எதுவானாலும் அன்று மகளைப் பாட்டியோடு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்கு மட்டும் செய்தால் ஷாஃப்ட் வழியாகத் திரும்ப வரும். தரைத்தளத்தில் ஷாஃப்ட் அடியிலும் கட்டடத்தைச் சுற்றியும் மருந்து இறங்க வேண்டும், கசிவையும் நிறுத்த வேண்டும். முதல் மழைக்குப் பிறகு ட்யூப்லைட் அடியில் ஈசல் இறகு உதிர்ந்து கிடந்தால், அதிலும் ஜன்னல் சாத்தியிருந்தும் கிடந்தால், அசோசியேஷன் கூட்டத்தில் அந்த இறகைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். என் ஊரில் ஈசலைப் பிடித்துப் பொரியோடு வறுத்துத் தின்போம். அபார்ட்மென்ட்டில் அதே ஈசல் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வசூலிக்க வைக்கிறது.

கணவர் கேட்டதற்கு வருகிறேன். நாற்றம் அடித்தால்தான் மருந்து என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. நுவான் என்று எல்லோரும் சொல்லும் டைக்ளோர்வாஸ் அப்படிப்பட்டது, வாசலிலேயே நெடி அடிக்கும். அதற்கு 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. இன்னமும் "பழைய ஸ்டாக் இருக்கு சார், சூப்பரா கேட்கும்" என்று கொண்டுவருபவர்கள் இருக்கலாம். வருகிறவரிடம் மருந்து டப்பாவைக் காட்டச் சொல்லி லேபிளில் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்புதான் உச்ச விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. வீட்டுக்குள் நீலமும் பச்சையும் போதும். லேபிள் இல்லாத பாட்டிலில் கலந்து கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பூச்சி மருந்து அடிக்க அரசு உரிமம் வேண்டும், அதையும் காட்டச் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

எலிக்கு "எதையாவது" வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். 2024 நவம்பரில் குன்றத்தூரில் நடந்தது ஞாபகம் இருக்கும். எலிக்கு விஷம் வைத்த வீட்டில், ஏசி போட்டுக் கதவைச் சாத்திப் படுத்த குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் ஆட்கள் யாருக்கும் வேலையில் கை ஓடவில்லை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் விஷவாயுவாக மாறும், நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? மூன்றாவது மாடிக்கு எலி எந்த ஓட்டை வழியாக வருகிறது என்று பார்த்துக் கம்பி வலை அடியுங்கள், ஒரு பொறி வையுங்கள். அவ்வளவு போதும்.

மகளைப் பற்றி. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் தூளாகி மூச்சில் போவது வீசிங்கைத் தூண்டும், இது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால் கரப்பான் செத்தால் மட்டும் போதாது, அலமாரிக்குள்ளும் ஃப்ரிட்ஜ் பின்னாலும் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துடைப்பத்தால் கூட்டினால் தூள் மேலே எழும்பும். நீங்கள் துடைக்கும்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டாம். இன்ஹேலர் விஷயத்தில் டாக்டர் சொன்னபடியே நடக்கட்டும். மாமியாரிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்: வேப்பிலையை அரிசி டப்பாவில் போடட்டும், புகை மட்டும் வேண்டாம். வேப்பிலையானாலும் சாம்பிராணியானாலும் கொசுவர்த்தியானாலும் அந்தக் குழந்தையின் நெஞ்சுக்கு எல்லாம் புகைதான்.

வீட்டில் மீன் தொட்டி இருந்தால் ஊசி மருந்து வைக்கும் நாளில் ஏர் பம்ப்பை நிறுத்தி, தொட்டியை மூடிவிடுங்கள். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம் அதை மறந்து ஒரு வீட்டில் ஸ்ப்ரே அடித்தேன். மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பையன் கையில் ஒரு தங்கமீனை வைத்துக்கொண்டு எனக்காக வாசலில் காத்திருந்தான்.

பல்லியைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை, இருந்தாலும் தரமாட்டேன். தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் மாமியார் பார்த்துச் சொல்லட்டும். அது உங்கள் வீட்டில் தங்கியிருப்பதே கரப்பான் குஞ்சும் கொசுவும் கிடைப்பதால்தான். இரண்டு சுற்று ஜெல் முடியட்டும், பாதிப் பல்லிகள் பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கிளம்பிவிடும்.